கம்பி அறுந்தது ஆற்றங்கரையில், ரயில் நின்றது ஊரெல்லாம்
(ரயில்வேயில் மின்பாதைக் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்)

கேள்வி: என் மகள் ஜப்பானில், சைதாமா பக்கம் குடியிருக்கிறாள். 1999இல் அங்கே ராணுவப் பயிற்சி விமானம் ஒன்று ஆற்றங்கரையில் விழுந்ததாம். டோக்கியோ வரை ரயில்கள் நின்றனவாம். தண்டவாளத்தில் கீறல்கூட விழவில்லை என்கிறாள். பிறகு ரயில் ஏன் நின்றது?
- வாசகி, அரக்கோணம்

பதில்: மகள் சொன்னது சரிதான் அம்மா. 1999 நவம்பர் 22, பகல் 1.40 மணியைத் தாண்டிய நேரம். இருமா விமானப்படைத் தளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த டி-33 ரகப் பயிற்சி ஜெட், சயாமா நகரில் இருமா ஆற்றின் கரையில் விழுந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தத் தளத்தை ஊடறுத்தே ஒரு ரயில் பாதை போகிறது. விமானம் அதன் மேல் விழவில்லை. விழுகிற வழியில் 2,75,000 வோல்ட் மின்கம்பிகளை அறுத்துவிட்டது. சுமார் 8 லட்சம் வீடுகளில் மின்சாரம் போனது. சாலை சிக்னல்கள் அணைந்தன, ரயில்களும் நின்றன.

ரயிலுக்கு மேலே ஓடும் கம்பியில் மின்சாரம் தானாக ஊறுவதில்லை. டோக்கியோ பக்கத்துப் புறநகர் ரயில்கள் பெரும்பாலும் 1,500 வோல்ட் டிசியில் (ஒரே திசையில் பாயும் மின்சாரத்தில்) ஓடுபவை. வெளியிலிருந்து வரும் மின்சாரத்தை ரயில் பாதையோரத் துணை மின்நிலையம் வாங்கி, டிசியாக மாற்றிக் கம்பிக்கு அனுப்பும். ஊற்று வறண்டால் வாய்க்காலில் என்ன வரும்? நம் ரயிலிலும் இதே கதைதான். இங்கே 25,000 வோல்ட் ஏசி (திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம்).

கம்பியில் மின்சாரம் போய்விட்டால் எங்கள் ஆட்கள் 'நோ டென்ஷன்' என்று போன் செய்வார்கள். எங்கள் பாஷையில் டென்ஷன் என்றால் மின்னழுத்தம். வீட்டில் யாராவது அப்படிச் சொன்னால் கவலை இல்லை என்று அர்த்தம். எனக்கு அந்த இரண்டு வார்த்தையில்தான் டென்ஷனே ஆரம்பிக்கும். பாதிக்கு மேல் காக்காய் வேலை. கூடு கட்ட எங்கிருந்தோ கட்டுக்கம்பியைத் தூக்கி வரும். அது மின்கம்பியைத் தொட்டதும் பிரேக்கர் (மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) விழும். அதற்கு வழி உண்டு: பிரேக்கரை மறுபடி போட்டுப் பார்ப்போம், மீண்டும் விழுந்தால் பழுதான இடத்தை மட்டும் பிரித்துவிட்டு, பக்கத்துத் துணை மின்நிலையத்திலிருந்து மின்சாரத்தை நீட்டி விடுவோம். ஆனால் பக்கத்து நிலையமும் அதே அறுந்த கம்பியை நம்பி இருந்தால்? கட்டுப்பாட்டு அறையில் எத்தனை பொத்தான் இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

கேள்வி: அந்த விமானிகள் புதிதாகப் பழகுபவர்களா? குதித்துத் தப்பியிருக்கலாமே?
- வாசகர், காட்பாடி

பதில்: கற்றுக்குட்டிகள் இல்லை. இருவருமே 5,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர்கள். அலுவலக வேலைக்குப் போன பிறகும் கைப்பழக்கம் விட்டுப்போகாமல் இருப்பதற்கான பயிற்சி அது. எரிபொருள் கசிந்து தீப்பிடித்திருக்கிறது. விமானத்துக்குள் புகை வருவதாகத் தளத்துக்குச் சொல்லியிருக்கிறார்கள். 'வெளியே குதிக்கிறோம்' என்று ரேடியோவில் அறிவித்தார்கள். 13 விநாடி கழித்து மறுபடியும் அதையே அறிவித்தார்கள். கடைசியில் குதித்தபோது பாராசூட் காப்பாற்றும் உயரம் இல்லை. இருவரும் இறந்தார்கள்.

அந்த 13 விநாடியில் என்ன நடந்தது? கீழே வீடுகள், அவற்றைத் தாண்டி ஆற்றங்கரை வரை கொண்டுபோனார்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் நம்புகிறார்கள். நானும் நம்புகிறேன். முதல்முறை அறிவித்த கையோடு குதித்திருக்கலாம் அல்லவா? டி-33 பழைய விமானம். இந்த விபத்துக்குப் பிறகு ஜப்பான் அதை மீண்டும் பறக்கவிடவே இல்லை.

கேள்வி: விமானம் நேராக ரயில் நிலையத்திலேயே விழுந்தது உண்டா?
- பிளஸ் டூ மாணவர், ஜோலார்பேட்டை

பதில்: உண்டு தம்பி. இங்கிலாந்தில் பிளாக்பூல், 1941 ஆகஸ்ட் 27. போர்க்காலம்தான், ஆனாலும் அது கடற்கரை ஊர், விடுமுறைக் கூட்டம். பயிற்சிக்குப் பயன்பட்ட போத்தா விமானமும் டிஃபயன்ட் என்ற போர் விமானமும் நடுவானில் மோதின. போத்தா சென்ட்ரல் ஸ்டேஷன் மேல் விழுந்தது. 18 பேர் இறந்தார்கள். இப்போது போனால் அந்த ஸ்டேஷனைப் பார்க்க முடியாது, 1964இல் மூடிவிட்டார்கள்.

கேள்வி: ஓடும்போது மின்சாரம் போனால் பிரேக் பிடிக்குமா?
- தினசரிப் பயணி, திருவள்ளூர்

பதில்: பிடிக்கும். பிரேக் காற்றில் வேலை செய்கிறது, அந்தக் காற்று ஏற்கெனவே தொட்டியில் அடைத்து வைக்கப்பட்டிருக்கும். குழாயில் காற்று இறங்கினால் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். விசிறிதான் நிற்கும்.