56 நாள் கணக்கும் அப்பா வீட்டுக் கடிதமும்

கேள்வி: அன்ரி, மகளை ரியூசனுக்கு இறக்கப் போய், ஒற்றை மஞ்சள் கோட்டில ஆறு நிமிசம் விட்ட காருக்குக் கண்ணாடியில பார்க்கிங் ரிக்கெற் ஒட்டிப்போட்டாங்கள். 160 பவுண்ஸ், 14 நாளுக்குள்ள கட்டினால் 80. நேரம் போட்ட போர்டை மரக்கொப்பு மறைச்சிருந்தது, படமும் எடுத்து ஒன்பதாம் நாளே இமெயில்ல சலெஞ்ச் பண்ணினனான். இண்டையோட 63 நாள், பதில் இல்லை. 56 நாளுக்குள்ள கவுன்சில் பதில் சொல்லாட்டி தானா கான்சல் எண்டு ஃபிரெண்ட் சொல்லுறான், உண்மையோ? கார் அப்பாட பேரிலதான் இன்னும் இருக்கு, அவர் ஓடுறதை விட்டு ரெண்டு வருசம், ஹரோவில தனிய இருக்கிறார், வேலையால அங்கால போய்க் கனநாள். அது பிரச்சினை இல்லைதானே?
- ஒரு வாசகர், இல்ஃபோர்ட், லண்டன்

பதில்: தம்பி, உம்மட ஃபிரெண்ட் சொன்னதில பாதி சரி, ஆனா அந்தப் பாதி உமக்கு உதவாது. 56 நாள் எண்டது சட்டத்தில உள்ளதுதான். இங்கிலாந்தில 2022 மே 31 தொடக்கம் இருக்கிற விதிகளின்படி கவுன்சில் அந்த நாளுக்குள்ள முடிவை அனுப்பாட்டி உங்கட வாதத்தை ஏற்றுக்கொண்டதாத்தான் கணக்கு, ரிக்கெற் கான்சல். ஆனா அது 'நோட்டீஸ் டு ஓனர்' எண்ட கடிதம் வந்தாப்பிறகு முறைப்படி எழுதிக் குடுக்கிற மனுவுக்கு. நீர் அனுப்பினது அதுக்கு முந்தின சலெஞ்ச். அதுக்கு 14 நாளுக்குள்ள பதில் சொல்லவேணும் எண்டு அரசாங்கத்தின்ர வழிகாட்டியில இருக்கு, பிந்தினால் ரிக்கெற் செத்துது எண்டு எங்கையும் இல்லை. (சந்தியில கீறின மஞ்சள் பெட்டிக்குள்ள நிண்டது, திரும்பக்கூடாத இடத்தில திரும்பினது எல்லாம் லண்டனில வேற சட்டம், அதுக்கு இந்த 56ஐக் கொண்டுபோகாதையும்.)

இனி விசயத்துக்கு வாறன். கடைசியில "அது பிரச்சினை இல்லைதானே" எண்டு ஒரு வால் ஒட்டியிருக்கிறீர். முழுப் பிரச்சினையும் அந்த வாலிலதான் கிடக்கு.

நோட்டீஸ் டு ஓனர் யாருக்கு வரும் எண்டு யோசிச்சனீரோ? கார் ஓடினவருக்கு இல்லை, கார் பதியிற டிவிஎல்ஏ கந்தோரில ஆற்ற பேர் இருக்கோ அவருக்கு. உம்மட இமெயிலுக்கு வராது, இல்ஃபோர்டுக்கு வராது, ஹரோவில அப்பாட வாசலில விழும். அது ஏற்கெனவே விழுந்திட்டுதோ எண்டு உமக்குத் தெரியாது, ஏனெண்டால் நீர் அங்கால போய்க் கனநாள், அதையும் நீரேதான் எழுதியிருக்கிறீர். கவுன்சிலுக்கு 63 நாள் ஒண்டொண்டா எண்ணின மனிசனுக்கு அப்பாட்டப் போனது "கனநாள்", அதுக்கு எண்ணிக்கை இல்லை.

இந்தக் கதையை நான் எத்தினை தரம் கேட்டிட்டன். போன வருசம் ஒரு ஐயா குவாலிற்றி ஸ்ட்ரீற் சொக்லேற் ரின் ஒண்டைக் கொண்டுவந்து என்ர மேசையில வைச்சார், உள்ளுக்க ரப்பர் பாண்ட் போட்ட கடிதக் கட்டு, ஒண்டும் பிரிக்கேல்லை, அடியில, கட்டாத ரிக்கெற்றைக் கடனாப் பதியிற நோர்த்தாம்டன் கோட்டில இருந்து வந்ததும் கிடந்தது. ஏன் ஐயா பிரிக்கேல்லை எண்டு கேட்டன். "கார்க் கடிதம் பிள்ளை, மகன் வந்து பாப்பான்." மகன் மாசத்துக்கு ஒருக்கா போன் எடுக்கிறவராம், கடிதம் வந்ததோ எண்டு கேக்கிறேல்லையாம்.

இந்த நாட்டில வயசுபோன தாய் தகப்பனுக்குக் காசு அனுப்புறதை விடக் கடிதம் பிரிச்சு வாசிச்சுக் காட்டுறதுதான் பெரிய கடமை எண்டது என்ர எண்ணம், பழசு எண்டு ஆரும் சொன்னாலும் பறுவாயில்லை. உங்கட பள்ளிக்கூடக் கடிதங்களை டிக்சனறி வைச்சு வாசிச்ச ஆக்கள் அவை.

இண்டைக்கே ஜங்க் மெயிலைப் பாரும், பேந்து ரிக்கெற் நம்பரைப் போட்டு கவுன்சில் வெப்சைட்டில நிலவரம் பாரும், வெளிக்கிட்டு ஹரோவுக்குப் போம், நோர்த் சேர்குலர் ரோட்டில ட்ராஃபிக் எண்டு சாட்டுச் சொல்லாதையும். நோட்டீஸ் வந்து கிடந்தால் அது கிடைச்சதில இருந்து 28 நாளுக்குள்ள அப்பா மனுப் போடவேணும், இல்லாட்டி உமக்கு அதிகாரம் குடுத்து அவர் கையெழுத்து வைக்கவேணும். முந்தி அனுப்பின இமெயில் அங்க செல்லாது, மரக்கொப்புப் படத்தோட புதுசா எழுதும், அனுப்பின அத்தாட்சியையும் வைச்சிரும். அப்ப தொடங்கும் உம்மட 56, அப்ப எண்ணும். நிராகரிச்சால் 28 நாளுக்குள்ள லண்டன் ட்ரிபியூனல்ஸ் எண்ட தீர்ப்பாயத்துக்கு அப்பீல், அதுக்குக் காசு கட்டத் தேவையில்லை.

நோட்டீஸ் வந்து 28 நாள் போயிட்டுதெண்டால் 160 பாதி கூடி 240 ஆகும், அதுக்குப் பிறகு நோர்த்தாம்டனில கடனாப் பதிஞ்சு அப்பாட பேரில கட்டளை வரும், அதையும் விட்டால் கடன் அறவிட வாற பெயிலிப் அவற்ற கதவைத்தான் தட்டுவான். கட்டளை வந்தால் 21 நாளுக்குள்ள டிஈ9 எண்டு ஒரு ஃபோம் நிரப்பலாம், அதில "நோட்டீஸ் கிடைக்கேல்லை" எண்டு ஒரு பெட்டி இருக்கு. ரின்னுக்க கடிதம் கிடக்க, அந்தப் பெட்டியில அடையாளம் போடுங்கோ அப்பா எண்டு மட்டும் சொல்லாதையும். அது கோட்டுக்குக் குடுக்கிற வாக்குமூலம், பொய்யெண்டு பிடிபட்டால் மாட்டுறது அவர். 80ஓட போயிருக்கவேண்டிய விசயத்துக்கு அந்த மனிசனைப் பொய் சொல்ல வைக்காமல் 240ஐயும் உம்மட பொக்கற்றால எடுத்துக் கட்டும்.

போன உடன கடிதம் எங்க எண்டு கேளாதையும், சப்பாத்தைக் கழட்டி இருந்து, அவர் ஊத்தித் தாற தேத்தண்ணியைக் குடிச்சிட்டுக் கேளும். அண்டைக்கே காரையும் உம்மட பேருக்கு மாத்துங்கோ, ஒன்லைன்ல செய்யலாம், இலவசம். லொக் புக் எண்ட கார்ப் பதிவுப் பத்திரத்தில இருக்கிற 11 இலக்க நம்பர் வேணும். அது எந்த லாச்சிக்குள்ள இருக்கு எண்டு உமக்குத் தெரியாது, அவரிட்டக் கேளும்.