ஆல்ஃபா அடக்குவது எதை?

கேள்வி: நிலநடுக்கத்தில் ஒரு கான்கிரீட் கட்டடம் எப்படி அசையும் என்று ஃபைனைட் எலிமென்ட் முறையில் கணக்கிடும்போது, வழக்கப்படி 5 சதவீதத் தணிப்பை (அசைவின் ஆற்றல் கரையும் அளவை)க் கொடுத்துவிடுகிறேன். அதற்கு மேலும் மென்பொருள் ஆல்ஃபா என்ற ஓர் எண்ணைக் கேட்கிறது. அதைச் சுழியாக வைத்தால் முடுக்க வரைபடம் ரம்பப் பல்லாகத் தெறிக்கிறது, −0.05 என்று வைத்தால் அடங்கிவிடுகிறது. இது விடையை மழுப்புவது ஆகாதா?

பதில்: ஆகாது, ஏனெனில் அந்த ரம்பப் பல் கட்டடத்துக்கு உரியதே அன்று. கட்டடத்தைச் சிறு எலிமென்ட்களாகப் பிரிக்கும்போது, நேரப்படியைவிட (கணக்கு ஒவ்வொரு முறையும் முன்நகரும் கால இடைவெளியைவிட) மிகக் குறுகிய அலைவுக்காலம் கொண்ட உயர் அதிர்வெண் மோடுகள், அதாவது அதிர்வு வடிவங்கள், பல தாமாகவே வந்து சேர்கின்றன. அவற்றுக்கும் உண்மையான அதிர்வுக்கும் தொடர்பில்லை. அசைவைப் படிப்படியாகக் கணக்கிட நியூமார்க் 1959இல் தந்த முறையில், அதன் இரு எண்களான காமாவை 1/2 என்றும் பீட்டாவை 1/4 என்றும் வைத்தால், நேரியல் கணக்கு எவ்வளவு பெரிய நேரப்படியிலும் நிலைகுலையாது. ஆனால் அம்முறை தானாக எந்த ஆற்றலையும் உறிஞ்சுவதில்லை என்பதால், அத்தகைய மோடு ஒன்றில் புகுந்த பிழை படிக்குப் படி குறி மாறியபடி அப்படியே நிற்கும். நீங்கள் கொடுத்த 5 சதவீதம் இங்கே உதவாது. அது இடைப்பட்ட அதிர்வெண்களைத் தணிக்குமே தவிர, அலைவுக்காலம் நேரப்படியைவிட மிகச் சிறியதாக உள்ள மோடுகளை ஏறக்குறைய தொடுவதே இல்லை.

காமாவை உயர்த்தினாலும் ரம்பப் பல் அடங்கும், ஆனால் அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். காமா 0.6 ஆகவும், நேரப்படி முதன்மை அலைவுக்காலத்தில் பத்தில் ஒரு பங்காகவும் இருந்தால், முதன்மை மோடிலேயே சுமார் 3 சதவீதத் தணிப்பு கூடுதலாக ஏறிவிடும். 5 சதவீதம் என்று எழுதிக்கொடுத்த கட்டடம் கணக்கில் 8 சதவீதத்தோடு ஆடும். துல்லியமும் இரண்டாம் வரிசையிலிருந்து முதல் வரிசைக்கு இறங்கும், அதாவது படியைப் பாதியாக்கினால் பிழை கால்பங்காகாமல் பாதியாகத்தான் குறையும்.

இந்தக் குறையைத்தான் ஹில்பர், ஹியூஸ், டெய்லர் மூவரும் 1977இல் ஆல்ஃபா முறையால் தீர்த்தனர்; உங்கள் மென்பொருள் கேட்பது அந்த ஆல்ஃபாவைத்தான். ஆல்ஃபா −0.05 எனில், மிக உயர்ந்த மோடுகளின் வீச்சு படிக்குப் படி சுமார் 0.905 மடங்காகக் குறைந்து, 50 படிகளுக்குள் ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்விடும். தாழ்ந்த மோடுகளிலோ இந்தத் தணிப்பு நேரப்படியின் மும்மடிக்கு ஏற்பவே வருவதால், படியைப் பாதியாக்கினால் அது எட்டில் ஒரு பங்காகிவிடும்.

ஆகவே, அதே கணக்கைப் பாதி நேரப்படியில் மறுபடி ஓட்டிப் பாருங்கள். மேல்தளத்தின் உச்ச இடப்பெயர்ச்சியும் அடித்தள வெட்டுவிசையும் (அடித்தளத்தில் பக்கவாட்டில் வரும் மொத்த விசையும்) மாறாமலிருந்தால் −0.05ஐத் தயங்காமல் வைத்துக்கொள்ளலாம். மாறினால் படி பெரிதாக இருக்கிறது என்று பொருள், அதைச் சிறிதாக்காமல் ஆல்ஃபாவைத் திருத்திப் பயனில்லை.