தூக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள்

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. மூன்று மாதமாக யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். விடியும்வரை போனும் கையுமாகக் கிடக்கிறான். மனநல மருத்துவரிடம் போகலாம் என்றால், ‘எனக்கென்ன பைத்தியமா?’ என்று கத்துகிறான். எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: மனச்சோர்வு என்றதும் அழுகிற முகம்தான் நம் நினைவுக்கு வரும். இளைஞர்களிடம் அது கோபமாக, குடியாக, காரணம் புரியாத உடம்புவலியாகவும் வரும். வீட்டில் அதற்குத் ‘திமிர்’ என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். இப்படி இரண்டு வாரம் நீடித்தாலே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். நீங்கள் மூன்று மாதம் என்கிறீர்கள்.

‘உனக்கு டிப்ரஷன்’ என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அப்புறம் அந்த வார்த்தையோடு மல்லுக்கட்டவே அவனுக்கு நேரம் சரியாக இருக்கும். அவனே மறுக்க முடியாத ஒன்றைப் பிடியுங்கள்: தூக்கம். ‘நீ ஒழுங்கா தூங்கி எத்தனை நாளாச்சுடா? அதை மட்டும் டாக்டர்கிட்ட காட்டுவோம், அக்கா கூட வர்றேன்.’ இதைக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் உட்கார வைத்துச் சொன்னால் விசாரணையாகிவிடும். பைக்கில் அவன் பின்னால் உட்கார்ந்து போகும்போது சொல்லிப் பாருங்கள். முகத்தைப் பார்க்காமல் பேசுவது பல பையன்களுக்குச் சுலபம்.

முதலில் பொது மருத்துவரே போதும். தைராய்டு கோளாறு, பி12 குறைபாடு இருந்தாலும் இதே சோர்வு வரும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மனநிலையை அளக்க ஒன்பது கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று உண்டு. வாய் திறக்காதவனும் அதில் டிக் அடித்துவிடுவான்.

லேசான மனச்சோர்வுக்கு, மனநல நிபுணரிடம் மனம்விட்டுப் பேசிப் பெறும் சிகிச்சை மட்டுமே போதுமானதாக இருக்கலாம். மாத்திரை எழுதிக் கொடுத்தால், ‘பழகிவிடுமோ’ என்று பயப்பட வேண்டாம். மனச்சோர்வு மருந்துகள் போதைபோல அடிமையாக்குபவை அல்ல. ஆனால் பலன் தெரியவே சில வாரங்கள் ஆகும், திடீரென நிறுத்தவும் கூடாது. இந்த வயதில் ஆரம்ப வாரங்களில் சிலருக்குப் பதற்றமும் தற்கொலை எண்ணமும் கூடலாம். அப்போது ஒரு கண் வைத்திருங்கள். மாற்றம் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று. ‘செத்துடலாம்னு தோணுதாடா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. ஆமாம் என்றால் திட்டாதீர்கள், அழாதீர்கள், தனியாக விடாதீர்கள். மாத்திரை, பூச்சிமருந்து போன்றவற்றைக் கைக்கு எட்டாமல் எடுத்துவிட்டு, அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.