அடிபட்டவரிடமே அன்பைக் கேட்கலாமா?

கேள்வி: எங்கள் வாசிப்பு வட்டத்தில், அமெரிக்கக் கறுப்பின நாவலாசிரியர் ஜேம்ஸ் பால்ட்வின் தம் தம்பி மகனுக்கு எழுதிய கடிதத்தைப் படித்தோம். வெள்ளையரை அன்போடு ஏற்றுக்கொள்ளச் சொல்கிறார். அடித்தவரை அடிபட்டவரே அணைத்துக்கொள்வது என்ன நியாயம்? கோபம் தாங்காமல் எழுந்து வந்துவிட்டேன். நான் செய்தது தவறா?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: உங்கள் கோபத்தில் தவறில்லை. ஆனால் அந்தக் கோபத்தை அறியாதவர் பால்ட்வின் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். 1924-இல் நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்து, ஒன்பது பிள்ளைகளில் மூத்தவராக வறுமையில் வளர்ந்த அவர், நியூ ஜெர்சிக்கு வேலைக்குப் போன காலத்தில், கறுப்பர் என்பதற்காகவே உணவகம் உணவகமாகத் திருப்பி அனுப்பப்பட்டார். ஓர் இரவு, அதே மறுப்பை அச்சத்தோடு சொன்ன பணிப்பெண்ணின் மீது, மேசையில் பாதித் தண்ணீரோடு இருந்த குவளையைத் தூக்கி எறிந்தார். அவள் குனிந்துகொள்ள, குவளை பின்னாலிருந்த கண்ணாடியில் மோதிச் சிதறியது. அந்தச் சத்தம் கேட்ட பிறகே அவருக்குச் சுயநினைவு வந்தது. தாம் கொல்லப்பட்டிருக்கலாம் என்பதோடு, தாமே கொல்லவும் துணிந்திருந்ததைப் பின்னாளில் மறைக்காமல் எழுதினார். தம் உயிரைப் பறிக்கவிருந்தது தம் நெஞ்சில் இருந்த வெறுப்பே என்று அந்த இரவில் அவர் கண்டுகொண்டார்.

இந்த மனிதர்தான் பிற்பாடு அன்பைப் பற்றிப் பேசுகிறார். அன்பு என்றதும் பொறுமை, மன்னிப்பு, விட்டுக்கொடுத்தல் என்றே நம் காதில் விழுகிறது; பெண்பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லிச் சொல்லிப் பழக்கியதும் அந்தப் பொருள்தான். பால்ட்வினின் சொல்லுக்கு அந்தப் பொருள் இல்லை. அதே கடிதத்தின் தொடக்கத்தில், எண்ணற்ற கறுப்பர்களின் வாழ்வைத் தம் நாடு அழித்துவிட்டு, அதை அறியாமலும் அறிய விரும்பாமலும் இருக்கிறது என்று குற்றம் சாட்டி, அதைத் தாமோ வரலாறோ ஒருநாளும் மன்னிக்கப்போவதில்லை என்று எழுதுகிறார். அப்பாவித்தனமே குற்றம் என்கிறார். மன்னிக்காத ஒருவர் வைக்கும் அன்பு அது: வெள்ளையர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் பொய்யிலிருந்து அவர்களை இழுத்து வந்து, அவர்கள் முகத்தை அவர்களே பார்க்கும்படி கட்டாயப்படுத்துவதற்கு அவர் வைத்த பெயர். அவர்கள் விடுதலை அடையாதவரை தமக்கும் விடுதலை இல்லை என்பது அவர் கணக்கு.

இந்த அன்பு அவரை வீட்டில் உட்காரவிடவில்லை. 1963 அக்டோபரில், வாக்காளராகப் பதிவுசெய்ய நாள் முழுதும் வரிசையில் நின்ற கறுப்பின மக்களோடு அலபாமாவின் செல்மாவில் இருந்தார்.

ஆனாலும் உங்கள் கேள்வியின் கூர்மை குறையவில்லை. பாடம் புகட்டும் வேலையும் பாதிக்கப்பட்டவர் தலையிலேயே விழுவது அநியாயம்தான். அதை நான் மறுக்கமாட்டேன். அவர் அறிந்து பழகிய கறுப்பின உரிமைப் போராட்டத் தலைவர்கள் மெட்கர் எவர்ஸ் 1963-இலும், மால்கம் எக்ஸ் 1965-இலும், மார்ட்டின் லூதர் கிங் 1968-இலும் சுட்டுக் கொல்லப்பட்டனர். மூவரும் நாற்பதைத் தொடாதவர்கள். அதற்குப் பின் அவர் எழுதியவற்றில் கசப்பு மிகுந்திருப்பதைக் காணலாம். நீங்கள் கேட்பதை அவரும் தம்மிடம் கேட்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

எனவே வாசிப்பு வட்டத்துக்குத் திரும்பிப் போங்கள். அன்பைப் பற்றிய வரிகளை யாராவது மேற்கோள் காட்டினால், அதற்கு முன்னால் வரும் அந்தக் குற்றச்சாட்டுப் பத்தியை அவர்கள் முன் வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டு, அதன்பின் உங்கள் கேள்வியைக் கேளுங்கள்.