மஞ்சள் பாய்லரில் கோலியஸ் கிழங்கை அவிக்கலாமா?

கேள்வி: சேர்வராயன் மலையடிவாரத்தில், வாழப்பாடி பக்கம் ஒன்றரை ஏக்கர் மஞ்சளும் அரை ஏக்கர் கோலியஸும் (மருந்துக் கூர்க்கன்) போட்டிருக்கிறேன். வேலியோரம் தண்ணீர்விட்டான் கிழங்கும் கொஞ்சம் இருக்கிறது. கோலியஸ் வெட்டும் பருவம் வந்துவிட்டது. பனியும் தூறலுமாக இருப்பதால் களத்தில் போட்டால் காயமாட்டேன் என்கிறது. தை மாதம் மஞ்சள் அவிக்கும் பாய்லர் ஊருக்கு வரும். அதிலேயே கோலியஸையும் ஒரு அவி அவித்தால் சீக்கிரம் காயும்தானே? ஏற்காட்டில் மச்சான் தன் காபிக் களத்தைத் தருகிறேன் என்கிறார். அங்கே கொண்டுபோகலாமா?

பதில்: கோலியஸை மட்டும் பாய்லர் பக்கமே கொண்டுபோக வேண்டாம், ஐயா. கிழங்கு வெளியே வந்தபின் என்ன செய்வது என்று கேட்காமல் முன்கூட்டியே கேட்டீர்களே, அதுவே பாதி விளைச்சலைக் காப்பாற்றியதற்குச் சமம்.

மஞ்சளை ஏன் அவிக்கிறோம்? சூடு பட்டதும் கிழங்கில் உயிர் நின்றுவிடும், பச்சை வாடை போகும், மாவுச்சத்து கூழாகி உள்ளே இறுகிவிடும். அதனால்தான் காய்ந்த விரலி கல் மாதிரி இருக்கிறது, பாலிஷ் போட்டால் பளபளக்கிறது. நிறம் கொடுக்கும் குர்குமின் தண்ணீரில் கரையாத பொருள். அவிக்கும்போது வெளியே ஓடாமல் கிழங்கு முழுக்கச் சீராகப் பரவுகிறது. மணம் தரும் எண்ணெய் மட்டும் கொஞ்சம் ஆவியோடு போகும். அவிக்கும் நாளில் தெருவெல்லாம் மணக்கிறதே, அது அந்த எண்ணெய்தான். அந்தச் சிறு இழப்பை மஞ்சள் தாங்கும். ஈர்க்குச்சியைக் குத்தினால் இடறாமல் உள்ளே இறங்குகிற பதத்தில் எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் வெந்தால் நிறம் கெடும். குண்டையும் (தாய்க்கிழங்கு) விரலியையும் (விரல் போன்ற கிளைக்கிழங்கு) தனித்தனியாக அவியுங்கள், இரண்டுக்கும் வேகும் நேரம் வேறு.

கோலியஸ் கதை வேறு. ஒரு கிழங்கைப் பிடுங்கி, மண்ணைத் தட்டிவிட்டு, தோலை நகத்தால் லேசாகச் சுரண்டி முகர்ந்து பாருங்கள். பச்சை இஞ்சியைக் கிள்ளியதுபோல் ஒரு நெடி வரும். உங்கள் பணம் அந்தத் தோலில் இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் தேடும் போர்ஸ்கோலின், வேரின் புறத்தோல் செல்களுக்குள் சின்னச் சின்னக் குமிழ்களில் அடைபட்டுக் கிடக்கிறது. இதய நோய்க்கும் கண் அழுத்தத்துக்குமாக ஆராயப்பட்டு வரும் பொருள் அது. காய்ந்த கிழங்கிலேயே அரை சதவீதம் இருந்தால் நல்ல சரக்கு. கையில் இருப்பதே அவ்வளவுதான் என்னும்போது சூட்டில் விட்டுக்கொடுக்க என்ன இருக்கிறது? ஆவியில் போட்டால் தோல் வெந்து குழையும். அள்ளும்போதும் பரப்பும்போதும் உரிந்து கழன்றுபோகும். நூறு டிகிரி ஆவி அந்தச் சத்துக்கு ஆகாது. உலர்த்தும் யந்திரத்தில்கூட 40 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வது அதனால்தான்.

சில வருடங்களுக்கு முன் ஆத்தூர் பக்கம் ஒருவர் இதே யோசனையில் ஒரு லோடு கிழங்கை அவித்துக் காயவைத்திருந்தார். நான் போனபோது ஒரு துண்டை உடைத்துக் காட்டினார். உள்ளே கண்ணாடி மாதிரி கறுத்துப் பளபளத்தது. மூக்கில் வைத்தால் வேகவைத்த சர்க்கரைவள்ளி வாசம்தான் வந்தது. வாங்க வந்தவர் இரண்டு துண்டை முகர்ந்து பார்த்துவிட்டு மூட்டையைத் தராசில் ஏற்றாமலே போய்விட்டார். அந்த மனிதரின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஆறு மாத உழைப்பு அது.

சரி, காயவைப்பது எப்படி? கிழங்கைக் கழுவி, தோலோடு அரை சென்டிமீட்டர் கனத்தில் சீவுங்கள். அதைவிடத் தடித்தால் நடு ஈரம் நின்று பூஞ்சணம் பிடிக்கும். கழுவிய ஈரம் வடிந்தபின் சீவினால் கையும் வழுக்காது. சீவலைத் தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்புங்கள். வெயில் இறங்குமுன் கூட்டி, மேற்கூரை உள்ள இடத்தில் போடுங்கள். ராத்திரிப் பனி குடித்தால் பகலில் காய்ந்தது வீண். தூறல் விடாத நாளில் ஷெட்டில் மின்விசிறி ஓட்டுங்கள், பனித்த காற்றானாலும் ஓடுகிற காற்று கொஞ்சம் ஈரத்தையாவது எடுக்கும். பிளாஸ்டிக் கூரைப் பந்தல் இருந்தால் உள்ளே ஒரு வெப்பமானி தொங்கட்டும், 40ஐத் தாண்டும்போது ஓரத்துத் திரையைத் தூக்கிவிடுங்கள். விறகுப் புகை மட்டும் வேண்டாம். சீவலை வளைத்தால் வளையாமல் 'டக்'கென்று ஒடிய வேண்டும். ஈரப்பதம் 12 சதவீதத்துக்குள் வந்ததும் உள்ளே பாலிதீன் போட்ட சாக்கில் கட்டுங்கள்.

ஒட்டுமொத்தமாக வெட்ட வேண்டிய அவசியமும் இல்லை. இரண்டு நாளில் காயக்கூடிய அளவுக்கு மட்டும் வெட்டி, மிச்சத்தை மண்ணிலேயே விடுங்கள். தண்ணீர் பாய்ச்சாமல் விட்டால் சில நாள் பொறுக்கும்.

பாய்லர் உங்களுக்கு உதவக்கூடிய இடம் ஒன்று உண்டு, தண்ணீர்விட்டான் கிழங்கு. அதன் தோலையும் நடுநரம்பையும் எடுத்தால்தான் விலை. ஆவியில் கொஞ்ச நேரம் காட்டி, தோல் கழலத் தொடங்கியதும் எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் கையாலேயே உரியும், நரம்பும் இழுத்த இழுப்புக்கு வரும். தண்ணீரில் போட்டு வெகுநேரம் கொதிக்கவிடாதீர்கள். அதன் மருந்துச் சத்தான சபோனினும் இனிப்புச் சத்தும் நீரோடு போய்விடும்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், இந்த மலையடிவாரத்தில் பலருக்கு இந்தக் குழப்பம் உண்டு. சூடு எல்லா வேரையும் கெடுப்பதில்லை. இஞ்சி காய்ந்து சுக்காகும்போது அதிலுள்ள ஜிஞ்சரால் என்ற காரச்சத்து நீரை இழந்து ஷோகால் என்ற வேறு சத்தாக மாறுகிறது, அது இன்னும் காரம். நம் வீட்டுச் சுக்குக் காபியில் தொண்டையைப் பிடிப்பது அதுதான். கொரியாவில் ஜின்செங் வேரை ஆவியில் அவித்துச் சிவப்பு ஜின்செங் ஆக்குகிறார்கள், பச்சை வேரில் அரிதாக இருக்கும் சத்துகள் அதில் உருவாகின்றன. நம் சித்த வைத்தியத்தில் அமுக்கராக் கிழங்கை (அஸ்வகந்தா) பால் கொதிக்கும் ஆவியில் பிட்டுப்போல அவிப்பார்கள், பிட்டவியல் என்று பெயர். ஆனால் அது மருந்து செய்பவர் வேலை. நீங்கள் விற்கும்போது அவிக்காமல் காயவைத்த வேராகவே கொடுங்கள். பாலாவியில் அவித்ததை எந்தக் கம்பெனியும் சோதித்து எடுக்காது, பூஞ்சணமும் சீக்கிரம் பிடிக்கும். வசம்பை விளக்கில் சுட்டுக் குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் வழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கும். சுடும்போது அதன் எண்ணெயில் ஒரு பகுதி போகும், முழுக்கப் போகாது. அந்த எண்ணெய் உடலுக்கு ஆகாது என்றுதான் வசம்பை உணவில் சேர்க்க அமெரிக்கா 1968இலேயே தடை போட்டது. கைக்குழந்தைக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

ஏற்காட்டு மச்சானிடம் நன்றி சொல்லிவிடுங்கள். அவர் களம் அருமையான சிமெண்ட் களமாகவே இருந்தாலும், காலை பத்து மணி வரை மூடுபனி விலகாத இடத்தில் கோலியஸ் காயாது. அப்புறம், காபிப்பழம் காயும் களத்தில் அதன் புளித்த வாடை சீவலில் ஏறிவிடும். அந்த லாரி வாடகையில் இரண்டு தார்ப்பாயும் ஒரு வெப்பமானியும் வாங்கலாம்.