மலையிறங்கிய அம்மா – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கேரளத்து வண்டிப்பெரியாற்றில் இருந்து எழுதுகிறேன். என் அம்மா கல்யாணமாகி வந்த காலத்திலிருந்து இங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளியவர். போன வருஷம் ரிட்டயர் ஆனதும் தோட்டத்தில் கொடுத்த லயத்து வரிசைவீட்டைக் காலி செய்துகொடுத்துவிட்டு, கம்பத்தில் என் தம்பி கட்டிய வீட்டுக்குப் போய்விட்டார். தம்பி திராட்சைத் தோட்டம் குத்தகைக்குப் பார்க்கிறான். நல்ல வீடு. அம்மாவுக்குத் தனி அறை, டிவி எல்லாம் உண்டு.

ஆனால் ஆறு மாதமாக அம்மா பழைய அம்மாவாக இல்லை. மூன்று மணிக்கே எழுந்து இருட்டில் உட்கார்ந்திருக்கிறார். சோறு இறங்கவில்லை, மெலிந்துவிட்டார். உடம்பெல்லாம் வலி என்கிறார். ரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்தோம், ஒன்றுமில்லை என்றார்கள். போன வாரம் பேச்சோடு பேச்சாக, "நான் இருந்து யாருக்கு என்ன" என்றார். சில வருஷங்களுக்கு முன் தோட்டம் பூட்டிக் கிடந்து, கூலியே இல்லாமல் கஞ்சி குடித்துக் கிடந்தோம். அப்போதுகூட அவர் இப்படி உடையவில்லை.

காத்து கருப்பு பட்டிருக்கும், ஓர் இடத்தில் கொண்டுபோய் வைக்கலாம் என்கிறார் சித்தப்பா. தம்பி மனைவி, "வேலையில்லாமல் இருந்தால் இப்படித்தான்" என்கிறாள். நான் தினமும் தியான வீடியோக்கள் அனுப்புகிறேன், அவர் திறந்துகூடப் பார்ப்பதில்லை. மனநலம், சமூக நலம், ஆன்மிக நலம் மூன்றையும் பேண வேண்டும் என்று படிக்கிறேன். இவை மூன்றும் தனித்தனியா? எதிலிருந்து ஆரம்பிப்பது? பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விக்கு அப்புறம் வருகிறேன். அம்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னதாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைப் பார்க்க வேண்டும். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "செத்துப்போகலாம்னு தோணுதாம்மா?" என்று நேராகவே கேளுங்கள். இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பயப்படாதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை என்பது மனநல மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். கேட்க ஒருவர் இருக்கிறாரே என்ற ஆறுதல்தான் பெரும்பாலும் வரும்.

தம்பி வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் இன்றைக்கே அதை வெளியே எடுத்துப்போய்ப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். சாவைத் தேடும் வேகம் பலருக்குச் சில நிமிடம்தான் இருக்கும், கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றும் இல்லையென்றால் அது கடந்துபோய்விடும். இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். 1995-ல் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் அதன்பின் பாதிக்கும் கீழே இறங்கியது. ஏலமும் திராட்சையும் விளையும் நம் பக்கத்தில் ஒவ்வொரு வீடும் இதை யோசிக்க வேண்டும். இரவில் அம்மாவின் அறையில் யாராவது கூடப் படுத்துக்கொள்ளட்டும். அவசரமாக யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416 என்ற எண் இருக்கிறது. டெலி மானஸ் என்ற பெயரில் 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

தூரத்தில் இருந்துகொண்டு நோய்க்குப் பெயர் வைக்க நான் மருத்துவர் இல்லை. ஆனால் எதிலும் பிடிப்பில்லாமை, பசியின்மை, மெலிவு, விடியலுக்கு வெகுநேரம் முன்பே விழிப்பு எல்லாம் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலே மனச்சோர்வு நோயா என்று பார்க்கச் சொல்வார்கள். உங்கள் அம்மாவுக்கு ஆறு மாதம் ஆகிவிட்டது. நம் பெண்களில் வயதானவர்கள் மனசு சரியில்லை என்று வாய்விட்டுச் சொல்வது அபூர்வம். கை வலிக்குது, கால் குடையுது, நெஞ்சு அடைக்குது என்பார்கள். ஸ்கேனில் ஒன்றும் தெரியாததால் அந்த வலி பொய்யாகிவிடாது. தைராய்டும் பி12-ம் பார்த்தார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், அவை குறைந்தாலும் இதே மாதிரி சோர்வு வரும்.

கானாவிலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே மனநல மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை கொடுத்தால் முதல் இரண்டு வாரம் பெரிதாக ஒன்றும் தெரியாது, நான்கு முதல் ஆறு வாரம்வரை ஆகலாம். "பலனில்லை" என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நிறுத்துகிறார்கள். தெளிந்த பிறகும் ஆறு மாதமாவது, வயதானவர்களுக்கு இன்னும் அதிகமாகவே தொடர வேண்டியிருக்கும். நிறுத்துவதை மருத்துவர் சொல்லட்டும்.

சரி, உங்கள் கேள்வி. உடல்நலம் என்றால் நோய் இல்லாமல் இருப்பது மட்டும் இல்லை, உடலும் மனமும் சமூக வாழ்வும் முழுமையாக நன்றாயிருப்பது என்று 1946-லேயே உலக சுகாதார அமைப்பின் சாசனத்தில் எழுதிவிட்டார்கள். 1998-ல் அதில் ஆன்மிகத்தையும் சேர்க்க ஒரு முயற்சி நடந்தது, கடைசியில் சேரவில்லை. காகிதத்தில் இப்படித் தனித்தனியாக எழுதிக்கொள்ளலாம். உங்கள் அம்மாவுக்கு இந்த மூன்றும் ஒரே மலைச்சரிவில் ஒன்றாக இருந்தன, மூன்றும் ஒரே நாளில் போய்விட்டன. எனக்குச் சொல்ல இருப்பது இது ஒன்றுதான்.

காலையில் மஸ்டரில், அதாவது வேலைக்கு ஆளெடுக்கும் வருகைக் கணக்கில், அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். ஒருநாள் போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் இருந்தது. மலைச்சரிவில் பக்கத்து வரிசையில் நிற்பவளோடு பேசிக்கொண்டே கிள்ளினார். கொழுந்து நிறுக்கும்போது தன் கணக்கு எத்தனை கிலோ என்று நின்று பார்த்தார். லயத்தில் இரண்டு வீட்டுக்கும் சுவர் ஒன்றுதான், இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். இடைஞ்சல்தான், சண்டையும் வந்திருக்கும். ஆனால் மூன்று மணிக்கு இருட்டில் எழுந்து உட்கார்ந்திருந்தால் நாலு மணிக்குள் ஒருத்தி வந்து, "என்னக்கா, தூங்கலையா" என்று கேட்டிருப்பாள்.

தோட்டம் பூட்டிக் கிடந்தபோது உடையாதவர் இப்போது உடைந்தது ஏன் என்பதற்குப் பதில் இதில் இருப்பதாக நினைக்கிறேன். அன்றைக்குப் போனது கூலி. அந்தக் கஷ்டம் லயம் முழுவதற்கும் பொதுவாக இருந்தது, கஞ்சியைப் பகிர்ந்துகொள்ள ஆளும் இருந்தது. இன்றைக்கு மூன்று வேளைச் சோறு இருக்கிறது, ஆனால் அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவர் இல்லை. அம்மா கேரளத்து மகளிர் குழுவான குடும்பஸ்ரீ அயல்கூட்டத்திலும் இருந்திருப்பார், வாராவாரம் உட்கார்ந்து கணக்குப் பார்த்திருப்பார். குமுளி செக்போஸ்டைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்ததும் அதுவும் முடிந்தது. கம்பத்தில் மகளிர் குழுக்கள் இருக்கின்றன, ஆனால் அவரைத் தெரிந்தவர்கள் அங்கே யார்?

தோட்டத் தொழிலாளிக்கு முதலாளி வீடு கொடுக்க வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. வேலை முடிந்த பிறகு அவர் எங்கே போவார் என்பதை அது யோசிக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக மலையில் வாழ்ந்தவரை அறுபது வயதில் "உன் ஊருக்குப் போ" என்கிறோம். அவருக்கு ஊரே அதுதான் என்பதைக் கேட்க நாதியில்லை. என்னால் இதைப் பொறுத்துக்கொள்ளவே முடிவதில்லை.

உறவும் பழக்கமும் மனசுக்கு மட்டும் இதமானவை என்று நினைக்க வேண்டாம். முன்பு நடந்த 148 ஆய்வுகளை, அவற்றில் இருந்த 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு 2010-ல் வந்தது. மனிதத் தொடர்பு வலுவாக உள்ளவர்கள் அந்த ஆய்வுகள் நடந்த காலத்தில் உயிரோடு இருந்த வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகமாக இருந்தது.

சித்தப்பா சொல்வதைப் பற்றி. அவரும் அக்கறையில்தான் சொல்கிறார், சண்டை போடாதீர்கள். ஆனால் எங்கேயும் கொண்டுபோய் விட்டுவிட்டு வரக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகினார்கள். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அடியோடு தடை செய்திருக்கிறது. கோயிலுக்குக் கூட்டிப் போகட்டும், திருநீறு போடட்டும். பட்டினி போடுவது, அடிப்பது, மாத்திரையை நிறுத்துவது மட்டும் கூடாது என்று சித்தப்பாவிடம் இப்போதே பேசி முடித்துவிடுங்கள்.

தியான வீடியோவை அம்மா திறக்காததில் எனக்கு ஆச்சரியமில்லை. தனியாகக் கண்ணை மூடி உட்காரும் பக்தி அவர் வாழ்ந்த பக்தி இல்லை. தோட்டத்து மாரியம்மனுக்கு முளைப்பாரி போட்டிருப்பார், விரதம் இருந்திருப்பார், பொங்கல் பானைக்கு இடம்பிடித்திருப்பார். அம்மனுக்கு அவர் செய்ய வேண்டியது ஒன்று ஒவ்வொரு வருஷமும் இருந்தது, அவர் செய்யாவிட்டால் குறை என்று நினைக்க மனிதர்களும் இருந்தார்கள். சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குப் போயிருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். வருஷத்தில் அந்த ஒருநாள்தான் திறப்பார்கள். குமுளியிலிருந்து ஜீப்பில் ஒரு கூட்டம் போகும், கம்பம் பக்கத்து ஆட்கள் பளியங்குடியிலிருந்து காடேறி நடப்பார்கள், மேலே தமிழிலும் மலையாளத்திலும் பேச்சு கலந்து கேட்கும். அப்படி ஒன்றைப் பற்றி அம்மா வாய் திறந்தால், பேச விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருங்கள்.

சிகிச்சை தொடங்கி கொஞ்சம் தூக்கமும் பசியும் திரும்பிய பிறகு, அவரை வண்டிப்பெரியாற்றுக்கு அழைத்து வந்து சில நாட்கள் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். பழைய லயத்துப் பெண்கள் வந்து பார்க்கட்டும். தோட்டத்துத் திருவிழாவுக்கு அம்மா பேரில் வரி கட்டுங்கள், முளைப்பாரிக்கு அவரும் வரட்டும். அதற்கு முன்பே, இந்த வாரமே, அவர்களில் ஒருத்தியை தினமும் போனில் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள். மாத்திரை இந்தப் பெண்களைக் கொண்டுவந்து தராது, இவர்கள் வந்துவிட்டார்கள் என்பதால் மாத்திரை வேண்டாம் என்றும் ஆகாது.

தம்பி மனைவி மேல் கோபம் வேண்டாம். பேசாத ஒருவரோடு நாள் முழுக்க ஒரே வீட்டில் இருப்பவர் அவர். மருத்துவரிடம் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள். இது சோம்பல் இல்லை, நோய் என்பதை நீங்கள் சொல்வதைவிட டாக்டர் வாயால் கேட்பது நல்லது. அவர் படும் சிரமத்தையும் அங்கே சொல்லட்டும். நீங்களும் ஒருநாள் லீவு போட்டுவிட்டுக் கூடவே போங்கள். பழைய ரிப்போர்ட்டுகள், இப்போது சாப்பிடும் பிரஷர், சுகர் மாத்திரைகள் எல்லாவற்றையும் பையில் எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கம் எப்போதிலிருந்து கெட்டது, எவ்வளவு மெலிந்தார், என்ன வார்த்தை சொன்னார் என்பதை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள், அம்மா அங்கே போய் "எனக்கு ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வார்.