சட்டம் கேள்வி–பதில்: அமெரிக்காவில் கருக்கலைப்பு, ரோ தீர்ப்புக்குப் பிறகு

கேள்வி: 2022-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பைத் தடை செய்துவிட்டது என்கிறார்கள். நியூயார்க்கில் இன்றும் செய்கிறார்களாமே, எப்படி?
– வாசகர், மதுரை

நீதிமன்றம் எதையும் தடை செய்யவில்லை. மாநிலங்கள் தடை செய்யக் கூடாது என்று 1973-ல் ரோ எதிர் வேட் வழக்கில் போட்ட பூட்டை, 2022 ஜூன் 24 அன்று டாப்ஸ் வழக்கில் கழற்றிவிட்டது. அதன் பிறகு அந்தந்த மாநிலச் சட்டம்தான். ரோ தீர்ப்பை ரத்து செய்தவர்கள் ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர். தலைமை நீதிபதி ராபர்ட்ஸ், வழக்குக்குக் காரணமான, 15 வாரத்துக்குப் பின் கருக்கலைப்பைத் தடை செய்யும் மிசிசிப்பி மாநிலச் சட்டம் செல்லும் என்றாரே தவிர, ரோ தீர்ப்பை ரத்து செய்யச் சம்மதிக்கவில்லை. ஒரு பத்திரிகை 6–3 என்றும் இன்னொன்று 5–4 என்றும் எழுதியது அதனால்தான்.

‘ரோ போனால் நாங்கள் தடை செய்வோம்’ என்று 13 மாநிலங்கள் முன்கூட்டியே சட்டம் எழுதி வைத்திருந்தன. வேறு சில மாநிலங்களில் பழைய சட்டங்கள் தூசி தட்டப்பட்டன. அரிசோனா ஒரு மாநிலமாக ஆனதே 1912-ல். அதற்கும் முந்தைய 1864-ஆம் ஆண்டுத் தடைச் சட்டம் செல்லும் என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் சொன்னது. பதறிப்போன சட்டமன்றம் ஒரு மாதத்துக்குள் அதை நீக்கியது.

கேள்வி: ஆறு வாரம் வரை அனுமதி என்றால் ஒன்றரை மாத அவகாசம் இருக்கிறதே, போதாதா?
– வாசகர், திருச்சி

வாரக் கணக்கு தொடங்குவது கரு உண்டான நாளிலிருந்து அல்ல. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து. நாள் தள்ளிப்போனது தெரியும்போதே நான்கு வாரம் முடிந்திருக்கும். மிச்சம் இரண்டு வாரம். மாதவிலக்கு ஒழுங்காக வராதவர்களுக்கு அதுவும் இல்லை. ஃப்ளோரிடாவில் 2024 மே 1 முதல் இந்த ஆறு வார வரம்பு இருக்கிறது. போதாததற்கு, முதலில் நேரில் ஆலோசனைக்கு வந்து, 24 மணி நேரம் கழித்தே சிகிச்சை பெற முடியும்.

கேள்வி: மகள் டாலஸ் பக்கம் இருக்கிறாள். மூன்று மாதக் கர்ப்பம். ஏதாவது சிக்கல் வந்தால் டாக்டர் பார்ப்பாரா? அவள்மேல் கேஸ் வருமா?
– வாசகி, ஈரோடு

அவர்மேல் வராது. டெக்சஸ் தடைச் சட்டம் கர்ப்பிணியைத் தண்டிக்க இடம் தரவில்லை. தண்டனை டாக்டருக்கு: ஆயுள் வரை சிறை, குறைந்தது 1 லட்சம் டாலர் அபராதம், உரிமமும் போகும்.

வயிற்றிலேயே இறந்துவிட்ட கருவை அகற்றுவதும், கருக்குழாயில் தங்கிய கருவை அகற்றுவதும் அந்தச் சட்டப்படி கருக்கலைப்பே அல்ல. அவற்றுக்குத் தடை இல்லை. சிக்கல், கருவுக்கு இன்னும் உயிர் இருக்கும்போதுதான் வருகிறது. 17, 18 வாரத்தில் பனிக்குடம் உடைந்துவிட்டது, குழந்தை பிழைக்க வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் இதயத் துடிப்பு இருக்கிறது என்று வையுங்கள். தடை இல்லாத மாநிலத்தில் கர்ப்பத்தை முடிப்பதா, காத்திருப்பதா என்று டாக்டர் தாயிடம் கேட்பார். டெக்சஸில் அவர் மருத்துவமனை வக்கீலைக் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் காத்திருப்பில் கிருமித் தொற்று ரத்தத்தில் ஏறலாம், ஆபத்து அங்கேதான். உயிராபத்து கழுத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று 2025-ல் டெக்சஸே சட்டத்தைத் திருத்தியது. நல்ல திருத்தம். ஆனால் ஆயுள் தண்டனைப் பிரிவு அப்படியே இருப்பதால், டாக்டர்களின் தயக்கம் முழுதாகப் போய்விடும் என்று நான் நம்பவில்லை.

இப்போதே செய்ய வேண்டியவை சில. ‘20 வாரத்துக்கு முன் பனிக்குடம் உடைந்தால் என்ன செய்வீர்கள், உங்கள் மருத்துவமனையின் விதி என்ன?’ என்று மகள் டாக்டரிடம் நேராகக் கேட்கட்டும். மழுப்பினால் டாக்டரை மாற்றிக்கொள்ளலாம். ரத்தப்போக்கோ காய்ச்சலோ வந்தால் தெருமுனை எமர்ஜென்சி கிளினிக்குக்குப் போகாமல், பிரசவப் பிரிவுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போவது நல்லது. அவசரப் பிரிவுக்கு வருபவரைப் பரிசோதித்து நிலைப்படுத்த வேண்டும் என்ற 1986 மத்தியச் சட்டம் இன்னும் இருக்கிறது. அதில் கருக்கலைப்பும் அடங்குமா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2024-ல் விடை சொல்லாமலே வழக்கைத் திருப்பி அனுப்பிவிட்டது. ‘அடங்கும்’ என்று பைடன் அரசு அனுப்பிய வழிகாட்டுதலை டிரம்ப் அரசு 2025-ல் விலக்கிக்கொண்டது.

கருவில் குறைபாடு என்பதற்கு டெக்சஸில் விலக்கு கிடையாது. ஆகவே 20 வார ஸ்கேன் வரை காத்திருக்காமல், 10 வாரத்திலிருந்தே செய்யக்கூடிய மரபணு ரத்தப் பரிசோதனையையும் 11–13 வார ஸ்கேனையும் தவறவிட வேண்டாம். வேறு மாநிலம் போக நேர்ந்தால் கான்சஸில் 22 வாரம் வரை முடியும். நியூ மெக்சிகோவில் வார வரம்பே இல்லை. செலவு விஷயம்: டெக்சஸ் அரசின் கட்டுப்பாட்டில் உள்ள காப்பீடுகள் கருக்கலைப்புச் செலவைத் தருவதில்லை. ஆனால் பெரிய கம்பெனிகள் பல, தங்கள் சொந்தப் பணத்திலேயே காப்பீட்டை நடத்துகின்றன. அவற்றை அந்த விதி கட்டுப்படுத்தாது. எந்த வகை என்று கம்பெனியின் எச்.ஆரிடம் கேட்டால் தெரிந்துவிடும்.

கேள்வி: மாத்திரை தபாலில் வருகிறதாமே? இங்கிருந்தே வாங்கி அனுப்பினால் என்ன?
– வாசகி, கோவை

அனுப்பாதீர்கள். தடைச் சட்டம் மாத்திரை கொடுப்பவரையும் பிடிக்கும். டெக்சஸில் 2025 டிசம்பர் முதல் மாத்திரை அனுப்புபவர்மீது தனிநபரே வழக்குப் போட்டு குறைந்தது 1 லட்சம் டாலர் கேட்கலாம்.

தபாலில் வருவது உண்மைதான். நியூயார்க், மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்கள் தங்கள் டாக்டர்களைக் காக்கச் சட்டம் செய்துள்ளன. நியூயார்க் டாக்டர் ஒருவர்மீது லூசியானா 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்து, ஆளை ஒப்படைக்கச் சொன்னது. நியூயார்க் ஆளுநர் மறுத்துவிட்டார். ஒரு மாநிலத்தில் குற்றம், இன்னொன்றில் பாதுகாக்கப்பட்ட மருத்துவம்: இந்த மோதல்தான் அடுத்த பெரிய வழக்காகும் என்பது என் கணிப்பு.

கேள்வி: மக்கள் வாக்கெடுப்புகளில் கருக்கலைப்பு உரிமை ஜெயிக்கிறது, ஆனால் டிரம்பும் ஜெயிக்கிறார். முரண்பாடாக இல்லையா?
– வாசகர், சேலம்

மிசூரியில் 2024 நவம்பரில் ஒரே நாளில் இரண்டும் நடந்தன. வாக்காளர் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கிறார். 2022 ஆகஸ்டில், குடியரசுக் கட்சியின் கோட்டையான கான்சஸில், உரிமையை நீக்கும் திருத்தத்தை ஏறத்தாழ 59 சதவீதம் பேர் நிராகரித்தார்கள்.

‘மக்களிடமும் அவர்கள் பிரதிநிதிகளிடமும் திருப்பித் தருகிறோம்’ என்பதுதான் டாப்ஸ் தீர்ப்பின் வாதம். பிரதிநிதிகளிடம் போய்ச் சேர்ந்தது. மக்களிடம் எல்லா இடத்திலும் சேரவில்லை. டெக்சஸில் குடிமக்கள் கையெழுத்துத் திரட்டி வாக்கெடுப்புக் கோரும் வழியே கிடையாது. மிசிசிப்பியில் இருந்தது, ஐந்து நாடாளுமன்றத் தொகுதிகளிலிருந்து கையெழுத்து வேண்டும் என்பது விதி. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின் தொகுதிகள் நான்காகக் குறைந்துவிட்டன! விதியை நிறைவேற்றவே முடியாது என்று மாநில நீதிமன்றம் 2021-ல் சொல்ல, அந்த வழியும் அடைபட்டது. ஃப்ளோரிடாவில் உரிமை கேட்டவர்கள் 57 சதவீதம் வாங்கியும் தோற்றார்கள், அங்கே 60 தேவை. ஒஹாயோவிலும் வரம்பை 60 ஆக்கும் முயற்சி நடந்தது; 2023 ஆகஸ்டில் மக்கள் அதைத் தோற்கடித்து, நவம்பரில் உரிமையை அரசியல் சட்டத்தில் சேர்த்தார்கள்.

கேள்வி: இந்தியாவில் இப்படி நடக்குமா?
– வாசகர், நாகர்கோவில்

இங்கே அமைப்பே வேறு. 1971-ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டம் நாடு முழுக்க ஒன்றாக ஓடுகிறது. மாநிலம் தனியாகத் தடை போட முடியாது. 2021 திருத்தப்படி 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 24 வாரம் வரை குறிப்பிட்ட பிரிவினருக்கு இரண்டு டாக்டர்கள். மணமாகாதவர்களும் அந்தப் பிரிவில் வருவார்கள் என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் சொன்னது, டாப்ஸ் தீர்ப்பு வந்து மூன்றே மாதத்தில். ஆனாலும் இங்கே முடிவெடுக்கும் பேனா டாக்டர் கையில்தான் இருக்கிறது: இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாயச் சன்ஹிதாவின் 88-ஆம் பிரிவில் கருக்கலைப்பு இன்றும் குற்றம்தான், 1971 சட்டம் அதற்கு விலக்கு மட்டுமே.